விலையில்லாப் பொருளின் செலவு: பட்டப்படிப்பில் சுற்றுச்சூழற் பொருளியல்

ஆற்று நீர், காற்று, மேய்ச்சல் நிலம், நிலத்தடி நீர் ஆகியவற்றுக்கு எந்தக் கடையிலும் விலை எழுதி வைப்பதில்லை. விலை இல்லாமையால் அவற்றுக்குச் செலவும் இல்லை என்று கருதுவது எளிது. ஆயினும் ஓர் ஊரின் கிணறுகள் வற்றும்போதும், ஒரு நகரின் காற்று கெடும்போதும், அதற்குரிய செலவை யாரேனும் ஒருவர் செலுத்தியே தீருகிறார். மருத்துவச் செலவாகவோ, கிணற்றை ஆழப்படுத்த வாங்கிய கடனாகவோ, குறைந்த விளைச்சலாகவோ அது அவரை வந்தடைகிறது. அச்செலவு எங்கே தோன்றுகிறது, எவர்மீது விழுகிறது, அதன் அளவு என்ன, அதனைக் குறைக்கும் வழி யாது என்னும் நான்கு வினாக்களுக்கு முறையாக விடை தேடும் கல்வியே சுற்றுச்சூழற் பொருளியல் ஆகும். பொருளியற் கோட்பாடுகளைப் பயிர், பாசனம், எரிபொருள், சந்தை முதலிய நடைமுறைக் காரியங்களில் வைத்துச் சோதிப்பது பயன்முறைப் பொருளியல். இவ்விரண்டும் இன்று பல பல்கலைக்கழகங்களில் ஒன்றாகவே கற்பிக்கப்படுகின்றன.

பள்ளி இறுதி வகுப்பை முடித்து எதனைப் பயில்வது என்று கேட்கும் மாணவருக்கு விடை கூற வேண்டியவர் ஆசிரியர். இக்கல்வியின் முடிவுகள் சட்டமாகவும் மானியமாகவும் கிராமத்தை வந்தடையும்போது அவற்றை நடைமுறைப்படுத்த வேண்டியவர் கள ஊழியர். ஆதலின் இருவரும் இப்பாடத்தின் அடிப்படைகளை அறிந்திருத்தல் நலம்.

1. கோட்பாட்டின் வளர்ச்சி

ஒருவர் செய்யும் தொழிலால் அத்தொழிலோடு தொடர்பற்ற மற்றொருவருக்கு ஏற்படும் நன்மை தீமைகளைப் பொருளியலார் 'புறவிளைவு' என்பர். தோல் பதனிடும் சாலையின் கழிவு அயலாரின் கிணற்றைக் கெடுப்பது தீய புறவிளைவு. ஒருவர் வளர்த்த தேனீக்கள் அயலாரின் தோட்டத்தில் மகரந்தச் சேர்க்கைக்கு உதவுவது நல்ல புறவிளைவு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்தர் பிகு 1920இல் வெளியிட்ட நலப் பொருளியல் நூலில், தீய புறவிளைவின் அளவுக்கு ஏற்ப வரி விதித்தால், தொழில் செய்வோரின் கணக்கும் சமுதாயத்தின் கணக்கும் ஒன்றுபடும் என்று காட்டினார்.

1960இல் ரொனால்டு கோஸ் என்னும் அறிஞர் மற்றொரு வழியைச் சுட்டினார். உரிமை யாருடையது என்பது தெளிவாக இருந்து, பேசி உடன்படுவதற்கு ஆகும் செலவும் சிறிதாக இருந்தால், இரு தரப்பாரும் தாமே உடன்பாட்டுக்கு வர இயலும் என்பது அவர் கருத்து. உடன்படுவதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் சிறிதன்று என்பதே அக்கருத்திலிருந்து பெறத்தக்க பாடம். ஒரு தொழிற்சாலையின் புகையைச் சுவாசிப்போர் பல்லாயிரவராயின், அவர்கள் ஓரிடத்தில் கூடிப் பேரம் பேசுதல் எவ்வாறு இயலும்?

1968இல் காரெட் ஹார்டின் என்னும் உயிரியலார், பொது மேய்ச்சல் நிலம் அழிந்தே தீரும் என்று எழுதினார். ஒவ்வோர் ஆயரும் மேலும் ஓர் ஆட்டைச் சேர்த்தால் இலாபம் முழுதும் அவருக்கே. நட்டமோ எல்லாருக்கும் பொது என்பது அவர் வாதம். எலினார் ஆஸ்திரம் என்னும் அம்மையார் இவ்வாதத்தைக் களத்தில் சோதித்தார். சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்கள், ஜப்பானின் ஊர்க்காடுகள், ஸ்பெயின், பிலிப்பைன்ஸ் நாடுகளின் பாசனச் சங்கங்கள் ஆகியவற்றில் மக்கள் தாமே விதி வகுத்து, தாமே காவல் செய்து, பொதுச் செல்வத்தை நெடுங்காலம் காத்து வந்துள்ளனர் என்று 1990இல் வெளியான தம் நூலில் காட்டினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. வரி, உரிமை, ஊர் விதி என்னும் இம்மூன்று வழிகளில் எது எவ்விடத்துக்குப் பொருந்தும் என்று தேர்ந்து அறிவதே இப்பாடத்தின் சாரம்.

2. ஒரு மாதிரிக் கணக்கு

வகுப்பில் எளிதாக விளக்கக்கூடிய கணக்கு ஒன்று கீழே தரப்படுகிறது. இதன் எண்கள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை.

ஒரே நிலத்தடி நீர்ப்படுகையில் 10 கிணறுகள் உள்ளன எனக் கொள்க. வேளாண்மைக்கு மின்சாரம் இலவசம். ஓர் உழவர் தம் மின்பம்பை மேலும் ஒரு மணி நேரம் இயக்கினால் பயிருக்குக் கிடைக்கும் பயன் ரூ. 40. பம்பின் தேய்மானம், பழுது ஆகியவற்றுக்காக அவருக்கு ஆகும் செலவு ரூ. 10. ஆகவே அவருக்கு மிச்சம் ரூ. 30. பம்பை இயக்குவதே அவருக்கு அறிவுடைய செயலாகும்.

அந்த ஒரு மணி நேர மின்சாரத்துக்கு அரசு ஏற்கும் செலவு ரூ. 35. நீர்மட்டம் தாழ்வதால் ஏனைய ஒன்பது கிணற்றாருக்கும் ஆளுக்கு ரூ. 2 வீதம் ரூ. 18 கூடுதற் செலவு. இவற்றையும் சேர்த்தால் சமுதாயத்தின் கணக்கு 40 – 10 – 35 – 18, அதாவது ரூ. 23 நட்டம்.

இக்கணக்கில் எந்த உழவரும் பேராசைக்காரர் அல்லர், அறியாதவரும் அல்லர். தமக்குக் காட்டப்பட்ட விலைக்கு ஏற்பவே ஒவ்வொருவரும் நடந்துகொள்கின்றனர். ஆதலின் உழவருக்கு அறிவுரை கூறுவதோடு நிற்பது பயன் தராது என்பதை மாணவர் முதலில் உணர வேண்டும். இலவச மின்சாரத்தை ஒரே நாளில் நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்வதும் தவறாகும். அந்த ரூ. 30 இல்லாவிடில் எந்தக் குடும்பம் கடனில் விழும் என்பதும் கணக்கில் சேர வேண்டிய ஒன்றே.

3. சுகோமாஜ்ரி: மேய்ச்சலும் ஏரியும்

சிவாலிக் மலையடிவாரத்தில், இன்றைய ஹரியானா மாநிலத்தில், சுகோமாஜ்ரி என்னும் சிற்றூர் உள்ளது. சண்டிகர் நகருக்காக 1958இல் அமைக்கப்பட்ட சுக்னா ஏரி விரைவாக வண்டலால் தூர்ந்து வந்தது. 1970களில் மண், நீர்ப் பாதுகாப்பு விஞ்ஞானிகள் அதன் காரணத்தை ஆராய்ந்தபோது, ஏரிக்கு மேலே உள்ள மலைச்சரிவுகளில் கால்நடைகள் கட்டுப்பாடின்றி மேய்வதால் மண் அரிக்கப்பட்டு வருவதைக் கண்டனர். மேய்ச்சலால் பயன் பெற்றவர் மலைமேல் இருந்த ஏழைக் கிராமத்தார். தூர்வாரும் செலவை ஏற்றவர் கீழே இருந்த நகரத்தார். புறவிளைவுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

தடை விதித்து வேலி போடுவது ஒரு வழி. ஆனால் அவ்வேலியைக் காக்கும் ஆள் யார்? பி. ஆர். மிஸ்ரா என்னும் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் வேறு வழியை நாடினர். 1976 முதல் ஊரருகே சிறு மண் அணைகள் கட்டப்பட்டன. அவற்றில் தேங்கிய நீர் பாசனத்துக்குப் பயன்பட்டது. சரிவுகளில் மேய்ச்சல் தொடர்ந்தால் இந்த அணைகளும் தூர்ந்துபோகும் என்பதை ஊரார் நேரிற் கண்டனர். நகரத்து ஏரிக்காகக் கேட்டபோது கைவிடாத மேய்ச்சலைத் தம் அணைக்காக அவர்கள் கைவிட்டனர்.

எனினும் அணை நீர் முதலில் சிலருடைய நிலங்களுக்கே பாய்ந்தது. நிலம் இல்லாதவருக்கு மேய்ச்சலைக் கைவிடுவதால் நட்டமே அன்றிப் பயன் இல்லை. ஆகவே ஒவ்வொரு குடும்பத்துக்கும், நிலம் உள்ளதாயினும் இல்லதாயினும், நீரில் சமபங்கு உண்டு என்னும் விதி வகுக்கப்பட்டது. நிலமற்றவர் தம் பங்கைப் பிறருக்கு விற்கலாம். கயிறு திரிக்கவும் காகிதம் செய்யவும் பயன்படும் பாபர் புல்லை அறுக்கும் உரிமை, ஒப்பந்தக்காரருக்குப் பதிலாக ஊர்ச் சங்கத்துக்கு அளிக்கப்பட்டது. மலையைக் காப்பதில் ஊரின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆதாயம் உண்டாயிற்று. முள்வேலி செய்யாத காவலை இந்த ஏற்பாடு செய்தது. இதனையே 'சமூக வேலி' என்று அழைத்தனர். கஞ்சன் சோப்ரா, கோபால் கடேகோடி முதலிய இந்தியப் பொருளியலார் இவ்வூரின் அனுபவத்தை ஆராய்ந்து எழுதியுள்ளனர்.

4. பஞ்சாப்: நீரைக் காத்த சட்டமும் புகையும்

சுகோமாஜ்ரிக்கு மேற்கே விரிந்துள்ள பஞ்சாப் சமவெளியில் இதே வினா மிகப் பெரிய அளவில் எழுந்தது. அங்கே வேளாண்மைக்கு இலவச மின்சாரம் 1997இல் தொடங்கி, இடையில் சில ஆண்டுகள் நிறுத்தப்பட்டு, மீண்டும் வழங்கப்பட்டது. நெல்லுக்கு அரசு கொள்முதல் உறுதியாக இருந்தது. நெற்பரப்பு பெருகியது, நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்தது.

பருவமழைக்கு முந்திய கடுங்கோடையில் நாற்று நட்டால் வயலிலிருந்து ஆவியாகும் நீர் மிகுதி. இதனைத் தடுக்கப் பஞ்சாப் அரசு 2009இல் நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. மே மாதம் 10ஆம் நாளுக்கு முன் நாற்றங்கால் விடலாகாது. ஜூன் மாதம் 10ஆம் நாளுக்கு முன் நாற்று நடலாகாது என்று அச்சட்டம் விதித்தது. ஹரியானாவும் அதே ஆண்டில் இத்தகைய சட்டத்தை இயற்றியது. மின் விலையைத் தொடாமல் நடவு நாளைத் தள்ளி வைப்பதன்மூலம் நீரைச் சேமிப்பதே இதன் நோக்கம்.

நடவு தள்ளியது, ஆதலால் அறுவடையும் தள்ளியது. ஆனால் கோதுமை விதைப்புக்குரிய காலம் தள்ளவில்லை. அக்டோபர் இறுதியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிக்குள் விதைக்காவிடில் கோதுமை விளைச்சல் குறையும். நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இருந்த நாட்கள் சுருங்கின. அறுவடை இயந்திரம் வயலில் விட்டுச் சென்ற தாளையும் வைக்கோலையும் அச்சிறு இடைவெளியில் அகற்றத் தீக்குச்சியே மலிவான கருவியாயிற்று. வைக்கோலை எரிக்கும் வழக்கம் சட்டத்துக்கு முன்பே இருந்தது. அறுவடை இயந்திரமும், ஆட்கூலி உயர்வும், நீண்ட நாள் நெல் இரகங்களும் அதற்குக் காரணங்கள். எனினும் எரிப்பு நவம்பர் மாதத் தொடக்கத்தில் ஒருசேரக் குவிந்தது. அக்காலத்தில் காற்றின் வேகம் குறைந்து, குளிர்ந்த காற்று தரையருகே தேங்குவதால் புகை கலைவதில்லை. நீரைச் சேமிக்கும் விதிக்கும் காற்று மாசுக்கும் உள்ள இவ்வுறவை 2019இல் 'நேச்சர் சஸ்டெயினபிலிட்டி' என்னும் ஆய்விதழில் வெளியான கட்டுரை ஒன்று விளக்கியது.

சட்டம் இயற்றியோர் தீங்கு நினைத்தவர் அல்லர். நீருக்குரிய செலவை மட்டும் கண்ட கணக்கில் காற்றுக்குரிய செலவு இடம் பெறவில்லை. ஓரிடத்தில் குறைக்கப்பட்ட செலவு மறைந்துவிட்டதா, இடம் பெயர்ந்ததா என்று கேட்கும் பழக்கத்தை உண்டாக்குவதே இப்பட்டப்படிப்பின் தலையாய பயன் எனலாம்.

5. கருத்தைக் களத்தில் சோதித்தல்

எரிப்பைத் தடுக்கும் கருவிகள் இல்லாமல் இல்லை. வைக்கோல் கிடக்கும் நிலத்திலேயே கோதுமையை விதைக்கும் 'ஹேப்பி சீடர்' என்னும் இயந்திரம் அவற்றுள் ஒன்று. இத்தகைய கருவிகளுக்கு மத்திய அரசு 2018 முதல் மானியம் அளித்து வந்தது. எரிப்பதைக் காட்டிலும் இவ்வியந்திரத்தால் விதைப்பது சராசரியாக இலாபம் தருவது என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. அவ்வாறாயின் எரிப்பு ஏன் நிற்கவில்லை? இயந்திரம் வாடகைக்கு உரிய நாளில் கிடைக்குமா, விதை முளைக்குமா, கையில் ரொக்கம் உள்ளதா என்னும் ஐயங்கள் சராசரிக் கணக்கில் தெரிவதில்லை.

2019இல் பஞ்சாப் கிராமங்களில் பொருளியலார் சிலர் ஒரு சோதனை நடத்தினர். எரிக்காத உழவருக்குப் பணம் தரப்படும் என்று அறிவித்து, கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தனர். ஒரு பகுதியினருக்கு முழுத்தொகையும், எரிக்கவில்லை என்று சரிபார்த்த பின்னரே தரப்படும். மற்றொரு பகுதியினருக்கு ஒரு பங்கு முன்னதாகவே தரப்படும். முழுத்தொகையும் பின்னர் தரப்படும் என்று சொல்லப்பட்ட இடங்களில் எரிப்பு குறையவில்லை. ஒரு பங்கை முன்பணமாகப் பெற்ற இடங்களில் எரிப்பு குறைந்தது. பணம் உண்மையில் வருமா என்னும் நம்பிக்கையின்மையும், அறுவடை நேரத்து ரொக்கத் தட்டுப்பாடும் இதற்குக் காரணங்களாகக் கருதத்தக்கவை. 'தொகை எவ்வளவு?' என்பதோடு 'எப்போது, யார் கையால்?' என்பதும் பொருளியல் வினாவே என்பதைக் கள ஊழியர் தம் அனுபவத்தால் நன்கு அறிவர்.

6. பட்டப்படிப்பில் கற்பவை

இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சுற்றுச்சூழற் பொருளியல், பொருளியல் பட்டப்படிப்பினுள் ஒரு விருப்பப் பாடமாக அமைந்துள்ளது. வேளாண் பல்கலைக்கழகங்களில் வேளாண் பொருளியல் வாயிலாக இதன் சில பகுதிகள் கற்பிக்கப்படுகின்றன. அமெரிக்காவில் வேளாண் பொருளியல் துறைகள் பலவே காலப்போக்கில் இதனைத் தனிப் பட்டப் பாடமாக வளர்த்தன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நான்காண்டுப் பட்டப்படிப்பையும் அதன் இறுதியாண்டில் ஆராய்ச்சிக்கு இடத்தையும் வகுத்திருப்பதால், கள ஆய்வு செய்ய விரும்பும் மாணவருக்கு வாய்ப்பு விரிந்துள்ளது. 1991இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையைத் தொடர்ந்து எல்லா மாணவருக்கும் கட்டாயமாக வந்த சுற்றுச்சூழல் கல்வி வேறு. இங்குக் கூறப்படும் பொருளியற் பாடம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதி மாணவர் ஏமாறாதிருக்க ஆசிரியர் உதவ வேண்டும்.

முதற்படியில் தேவை, விலை, உற்பத்திச் செலவு, சந்தை ஆகியவற்றின் கோட்பாடும், நுண்கணிதமும் புள்ளியியலும் கற்பிக்கப்படும். கணக்கைக் கண்டு அஞ்சும் மாணவர் இதனை முன்கூட்டியே அறிதல் வேண்டும். பள்ளியில் கணிதம் பயின்றவருக்கு வழி எளிது. பயிலாதவர் முதலாண்டில் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி பொருளாதார அளவியல். தடுப்பணை கட்டிய ஊரில் நீர்மட்டம் 3 மீட்டர் உயர்ந்தது எனக் கொள்க. அது முழுதும் அணையின் பயன் என்று அறிக்கை எழுதுவது எளிது. அவ்வாண்டில் நல்ல மழை பெய்ததால் அணை இல்லாத அண்டை ஊரிலும் 2 மீட்டர் உயர்ந்திருந்தால், இரண்டு ஊர்களும் மற்றவற்றில் ஒத்தவை என்னும் அளவில், அணையின் பயன் 1 மீட்டரே. காரணத்தையும் உடனிகழ்ச்சியையும் பிரித்தறியும் இத்திறமே பட்டதாரியைப் பேச்சாளரிடமிருந்து வேறுபடுத்துவது.

மூன்றாம் படி, விலையில்லாப் பொருளை மதிப்பிடும் முறைகள். ஒரு பூங்காவைக் காண மக்கள் எவ்வளவு தொலைவிலிருந்து எவ்வளவு செலவிட்டு வருகின்றனர் என்று கணக்கிடும் பயணச் செலவு முறை ஒன்று. ஹரால்டு ஹோட்டலிங் என்னும் அறிஞர் 1947இல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைக்கு எழுதிய கடிதத்தில் இக்கருத்தை வெளியிட்டார். தூய காற்றுள்ள பகுதியில் வீட்டு வாடகை எவ்வளவு கூடுகிறது என்று காண்பது மற்றொரு முறை. ஓர் இயற்கைச் செல்வத்தைக் காக்க எவ்வளவு தர உடன்படுவீர் என்று மக்களை நேரே கேட்பது பிறிதொரு முறை. இவை ஒவ்வொன்றுக்கும் குறை உண்டு. செலவிட இயலாத ஏழையின் குரல் பணக் கணக்கில் மெலிதாகவே கேட்கும். அக்குறையை அறியாமல் எண்ணை மட்டும் கூறுவது கல்வியாகாது.

எதிர்காலப் பயனை இன்றைய மதிப்பாக மாற்றும் கழிவு வீதமும் இப்படியிற் கற்கப்படுகிறது. 50 ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கும் ரூ. 1,00,000 இன்று, ஆண்டுக்கு 3 சதவீதக் கழிவில், சுமார் ரூ. 22,800 மதிப்புடையது. 8 சதவீதக் கழிவில் அதுவே சுமார் ரூ. 2,130 ஆகச் சுருங்கும். பேரப் பிள்ளைகளின் காலத்தில் பயன் தரும் காடு, இன்றைய திட்ட அறிக்கையில் நிற்பதும் வீழ்வதும் இந்த ஒரு சிறு எண்ணைப் பொறுத்ததாகலாம். அந்த எண்ணைத் தேர்வதில் கணக்கோடு நீதியும் கலந்துள்ளது.

நான்காம் படி சட்டமும் கொள்கையும். மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை, வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் சாலைகள் பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. பிகுவின் வரிக் கருத்தோடு உறவுடையது நிலக்கரி மீதான வரி. 2010இல் டன்னுக்கு ரூ. 50 ஆக விதிக்கப்பட்ட அது, 2016இல் ரூ. 400 ஆக உயர்ந்து, 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது அதன் இழப்பீட்டு வரியாக மாறியது. குஜராத்தின் சூரத் நகரில் 2019இல் தொழிற்சாலைப் புகைத்தூளுக்கு மொத்த அளவு வரையறுக்கப்பட்டு, அதற்குரிய உரிமங்களை ஆலைகள் தமக்குள் வாங்கவும் விற்கவும் இடமளிக்கப்பட்டது. இம்முறையில் புகைத்தூள் 20 முதல் 30 சதவீதம் வரை குறைந்தது என அதனை ஆராய்ந்தோர் கண்டனர்.

இவற்றோடு நீரியல், மண்ணியல், சூழலியல் ஆகியவற்றுள் ஒன்றிலேனும் மாணவருக்கு அடிப்படை அறிவு வேண்டும். நீர்ப்படுகை எவ்வாறு நிரம்புகிறது என்று அறியாதவர் நீருக்கு விலை வகுக்க முற்படுவது, நோயறியாதவர் மருந்து எழுதுவதை ஒக்கும்.

7. கள ஊழியரின் பதிவேடு

இக்கல்வி முழுதும் இறுதியில் ஒரு பதிவேட்டை நம்பி நிற்கிறது. அப்பதிவேட்டை எழுதுபவர் கள ஊழியர். கிணற்று நீர்மட்டம் 12 மீட்டர் என்று எழுதினால் போதாது. பம்பு ஓடி நின்றவுடன் அளந்ததா, இரவு முழுதும் ஓய்ந்த பின்னர் அளந்ததா என்று குறிக்கப்படாவிடில் அந்த எண் ஒப்பிடுவதற்கு உதவாது. பயனாளிகளின் பட்டியலில் நிலவுரிமையாளர் பெயர் மட்டும் இருப்பின், குத்தகைக்கு உழுபவரும் கூலியாளரும் கணக்கிலிருந்து நீங்கிவிடுவர். சுகோமாஜ்ரியில் நிலமற்றவர் கணக்கில் வாராதிருந்த வரையில் ஏற்பாடு முழுமை பெறவில்லை என்பது நினைவுகூரத்தக்கது. திட்டம் தொடங்குமுன் எடுத்த அளவு இல்லையேல், திட்டம் பயன் தந்ததா என்று பின்னர் எவராலும் கூற இயலாது.

மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2018 முதல் சுற்றுச்சூழல் புள்ளிவிவரங்களையும் கணக்குகளையும் தனித் தொகுதிகளாக வெளியிட்டு வருகிறது. ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையம் காடு, நீர் முதலியவற்றை நாட்டுக் கணக்கில் சேர்ப்பதற்கான முறையை 2012இலும், வாழ்சூழற் கணக்குக்கான முறையை 2021இலும் ஏற்றது. இத்தொகுதிகளின் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு கிணற்றடியில் அளவு நாடாவுடன் நின்ற ஓர் ஊழியர் உள்ளார்.

8. தொழில் வாய்ப்பு

பட்டம் மட்டும் பெற்றவர் வங்கி, ஆய்வு நிறுவனம், நீர்ப்பிடிப்புத் திட்டம், தொண்டு நிறுவனம் ஆகியவற்றில் தொடக்கநிலைப் பணிகளை நாடலாம். ஆராய்ச்சிப் பணிக்கும் உயர் பதவிகளுக்கும் முதுகலைப் பட்டம் தேவைப்படும். 1961இல் அமைக்கப்பட்ட இந்தியப் பொருளாதாரப் பணியின் தேர்வில் சுற்றுச்சூழற் பொருளியலும் பாடப்பகுதியாக உள்ளது. அத்தேர்வுக்குப் பொருளியலில் அல்லது அதனைச் சார்ந்த பாடத்தில் முதுகலைத் தகுதி வேண்டும். இப்பாடத்தைப் பயின்றவருக்கெல்லாம் உடனே உயர் ஊதியம் கிட்டும் என்று மாணவருக்கு வாக்களித்தல் தகாது. நீரும் காற்றும் மண்ணும் பற்றிய முடிவுகள் எடுக்கப்படும் எந்த அலுவலகத்திலும் இக்கல்விக்குப் பயன் உண்டு என்று கூறலாம்.

9. வகுப்புப் பயிற்சி

(அ) பள்ளிக்கு அருகில் உள்ள ஒரு குளம், ஏரி அல்லது ஊற்றைத் தேர்ந்து, அதனால் பயன் பெறுவோரையும் அது கெடுவதால் நட்டமடைவோரையும் இரு பட்டியல்களாக மாணவர் எழுதுக. இரண்டிலும் இடம்பெறுவோர் யாவர்?

(ஆ) இரண்டாம் பகுதியின் மாதிரிக் கணக்கில், உழவர் மணிக்கு ரூ. 35 மின்கட்டணம் செலுத்த நேர்ந்தால் என்ன செய்வார்? அதே தொகையை, மின்சாரத்தைச் சேமித்தால் அவருக்கே திருப்பித் தருவதாயின் என்ன செய்வார்? ஏழை உழவருக்கு எது உகந்தது?

(இ) ஒரு பம்பு உரிமையாளர், ஒரு குத்தகையாளர், ஒரு கூலித் தொழிலாளி, ஒரு நகரவாசி ஆகிய நால்வராக மாணவர் அமர்ந்து, நடவு நாளைத் தள்ளிவைக்கும் சட்டத்தைப் பற்றி உரையாடுக. ஒவ்வொருவரும் தம் செலவை மட்டும் கூறுக. பின்னர் மொத்தச் செலவைக் கரும்பலகையில் கூட்டுக.

(ஈ) ஒரே கிணற்றின் நீர்மட்டத்தை ஓராண்டுக் காலம், ஒவ்வொரு மாதமும் ஒரே நாளில், சூரிய உதயத்துக்கு முன் பம்பு ஓடாத வேளையில், ஆசிரியரின் மேற்பார்வையில் அளந்து எழுதுக. உள்ளூர் மழையளவையும் அதனருகே குறிக்க. ஆண்டு முடிவில் இவ்வேட்டை ஊர்க் கள ஊழியரிடம் காட்டி, அவருடைய பதிவேட்டோடு ஒப்பிடுக. இரண்டும் வேறுபடின் அதற்குரிய காரணத்தை இருவரும் சேர்ந்து ஆராய்க.